ரசமட்டம் வைத்த கதவு

எங்கள் வீட்டில் கதவு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் கழிவறைக்கு. சமையல், சாப்பாடு, தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் ஒரே இடத்தில். ஏனென்றால் எங்கள் வீடு ஒரு பாய்மரப் படகு. கரையில் இருப்பவர்கள் மிதவை நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, குடுத்து வெச்சவங்க! எப்பவும் கடல் காத்து!" என்பார்கள். வாஸ்தவம். அந்தக் கடல் காற்றில் ஒரு போர்வை காய நாலு நாள் ஆகும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

படகு என் வீட்டுக்காரருடையது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிவிட்டார். அதனால் நான் வாழ்க்கைப்பட்டது அவருக்கா படகுக்கா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. மனுஷர் தச்சர். துறையை ஒட்டிய பட்டறையில் ஊரார் படகுகளுக்கெல்லாம் கட்டில், அலமாரி, மேசை, கதவு செய்து மாட்டுகிறவர். நான் பாய் தைக்கிறவள். கிழிந்த பாய், படகை மூடும் உறை, மெத்தை உறை எல்லாம் என் தையல் மெஷினுக்கு வரும். வெயில் காலத்தில் பாயை விரித்துக்கொண்டு நாலு ஊர்க் கரையைச் சுற்றிவிட்டு வருவோம். மற்ற நாளெல்லாம் இந்தத் துறையில் கட்டிக் கிடப்போம்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் படகு பழசு, ஒல்லி. உள்ளே நடுவில் மேசை, இடது பக்கம் ஒரு பெஞ்சு, வலது பக்கம் ஒரு பெஞ்சு. ஒரு பக்கம் கனம் கூடினால் படகு அந்தப் பக்கம் சாயும். கொஞ்சம்தான், ஆனால் டீ டம்ளர் மேசையில் தானாக நடக்கும் அளவுக்கு. அதனால் இவர் இடது பக்கம், நானும் பெண்ணும் வலது பக்கம். இவர் எழுந்து எங்கள் பக்கம் வந்தால் எங்களில் ஒருத்தி அந்தப் பக்கம் போய்விடுவாள். யாரும் சொல்வதில்லை, யோசிப்பதுமில்லை, வாயில் வைத்த கவளத்தோடு நகர்ந்துவிடுவோம். விருந்தாளி வந்தால் இவருடைய இடத்தைக் கொடுத்துவிட்டு இவர் நடுவில் படிக்கட்டில் உட்காருவார். நான் எதிரே என் இடத்தில் ஆணி அடித்த மாதிரி இருக்க வேண்டும். வருகிறவர்களின் எடையை வாசலிலேயே கண்ணால் அளந்து உட்காரவைக்கும் வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பெண்ணுக்கு நாங்கள் வைத்த செல்லப் பேர் சுண்டெலி. பிறந்தபோது பொருத்தமாகத்தான் இருந்தது. இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், என்னைவிட உயரம். படகின் மூக்கு குறுகும் இடத்தில் முக்கோணமாக ஒரு படுக்கை இருக்கிறது, அதுதான் அவள் அறை. அதற்கு நான் தைத்துப் போட்ட திரை. மிச்சமான பாய்த்துணி, ஓரம் மடித்து இரட்டைத் தையல். புயலே வந்தாலும் கிழியாது. சத்தத்தைத் தடுக்குமா என்று கேட்டால், அதற்கு நான் பொறுப்பில்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் சுண்டெலி திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு தோழியோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். தோழி, "கணக்கு டெஸ்ட் நாளைக்காடி?" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "இல்லம்மா, நாளன்னிக்கு," என்று நான் பதில் சொல்லிவிட்டேன். உதவிதானே செய்தேன்?

திரை விலகியது. சுண்டெலியின் முகம் சிவந்திருந்தது.

"அவ உன்கிட்டயாம்மா கேட்டா?"

"தெரிஞ்சத சொன்னேன். தப்பா?"

"நான் பொரண்டு படுத்தா 'தூக்கம் வரலையா'ங்கற. தும்மினா 'தைலம் தடவிக்கோ'ங்கற. சிரிச்சா 'என்னடி, எனக்கும் சொல்லு'ங்கற. எனக்குன்னு ஒரு கதவு வேணும்மா."

"கதவா? தொறந்தா அடுப்புல இடிக்கும், மூடினா உனக்குக் காத்து வராது. இருக்க எடம் குடுத்தா படுக்கப் பாய் கேட்ட கதையா இருக்கு!"

"பாய்தான் ஏற்கெனவே குடுத்திருக்கியே, திரைன்னு சொல்லி. அதத்தான் வேணாங்கறேன்."

வாயைப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

"அத்தை வீட்டுல ரூம் சும்மா கெடக்கு," என்றாள் அடுத்து, குரலைத் தணித்துக்கொண்டு. "கதவு இருக்கு. உள்பக்கம் தாழ்ப்பாள்கூட இருக்கு. அத்தை வாடின்னு சொல்லிட்டாங்க. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாங்க. அங்கேருந்தே ஸ்கூலுக்குப் போய்க்கறேன்."

"எத்தன நாளைக்கு?"

"படிப்பு முடியற வரைக்கும்."

போகாதே என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "போ, தாராளமா போ. எனக்கும் காலை நீட்ட கொஞ்சம் எடம் கெடைக்கும்," என்றேன். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

அத்தை என்றால் என் நாத்தனார், இவருக்கு மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. காலமெல்லாம் அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதால், யார் எதைச் செய்தாலும் அண்ணியின் வலது கால் தானாகத் தரையில் பிரேக் போடும். நான் வெங்காயம் நறுக்கினாலும் போடும். நல்ல கனமான மனுஷி. அவர் படகில் கால் வைத்தால் பக்கத்துப் படகுக்காரர்கூட எட்டிப் பார்ப்பார். மனசும் அந்த அளவுக்குப் பெரிசு, அதை மறைப்பானேன்? மகன் வேலைக்கு வெளியூர் போன பிறகு அவர் வீட்டில் அந்த அறை பூட்டிக் கிடக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தை இவரிடம் சொன்னேன். "ம்," என்றார். ஊரே பற்றி எரிந்தாலும் இவருக்கு ஒரு 'ம்'தான். ஆனால் காலையில் பார்த்தால், டேப்பை வைத்துக்கொண்டு முன்பக்கத் திறப்பை அளந்துகொண்டிருக்கிறார்.

"இப்பத்தான் கண்ணு தொறந்துதாக்கும்? ஊரெல்லாம் கதவு மாட்டறீங்க, சொந்த வீட்டுல துணி தொங்குது."

"நல்ல மரமா வரட்டும்னு பாத்தேன்."

"அந்த மரம் உங்க பொண்ணு பொறந்ததுலேருந்து வந்துக்கிட்டே இருக்கு."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து பட்டறையில் வேலை முடிந்த பிறகும் இழைப்புளியும் கையுமாக அங்கேயே இருந்தார். வீட்டுக்கு வரும்போது மீசையெல்லாம் மரத்தூள். சுண்டெலியிடம் நான் நேராகவே கேட்டேன்: "அப்பா கதவு மாட்டிட்டா இருப்பியா?"

"மாட்டட்டும். பாக்கலாம்," என்றாள். அதாவது, இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் 'பாக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் சனிக்கிழமை வரை காலத்தை ஓட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் கதவும் அண்ணியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். இவர் கதவைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால், அண்ணி பின்னால் "டேய், லெஃப்ட்ல பாரு, லெஃப்ட்ல பாரு" என்று சொல்லிக்கொண்டே. படிக்கட்டில் இறங்கி இடது பெஞ்சில் அண்ணி உட்கார்ந்ததும் படகு ஒரு பெருமூச்சு விட்டது. நான் வழக்கம்போல எதிரே என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். டம்ளர் நடந்த நடையை நிறுத்தியது.

சுண்டெலி பையைக் கட்டி படுக்கையில் தயாராக வைத்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணி சுற்றும்முற்றும் ஒரு பார்வை பார்த்தார்.

"வயசுப் பொண்ணும்மா. அதுக்குன்னு ஒரு எடம் வேணாமா? இது வீடா, பென்சில் டப்பாவா?"

"பென்சில் டப்பாவுலதான் அண்ணி உங்க தம்பி குடும்பம் நடத்தறாரு. பென்சில் மட்டும் மூணு."

"நான் உன்னை ஒண்ணும் சொல்லலையே."

"நானும்தான் ஒண்ணும் சொல்லலை."

இவர் ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். மனுஷர் வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். நல்ல சாக்கு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அழுக்குத் துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "துவைச்சு எடுத்துட்டு வரேன். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க," என்று படியேறிக் கரைக்குப் போய்விட்டேன்.

துறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை உண்டு. மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். இவருடைய சட்டை, என் நைட்டி, சுண்டெலியின் ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் ஒன்றை ஒன்று கட்டிப் புரண்டன. இனிமேல் அந்த யூனிஃபார்மை அண்ணி வீட்டு மெஷின்தான் துவைக்கும் என்று நினைத்ததும் அழுகை வந்தது. யாரும் இல்லை, அதனால் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. வரிசையாக நிற்கும் பாய்மரங்களில் எங்களுடையது மட்டும் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அண்ணி உட்கார்ந்திருக்கிறார், எதிரே நான் இல்லை, அதுதான் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அதில் ஒரு வம்பு ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

படியில் நின்று பார்த்தேன். கதவு மாட்டியாகிவிட்டது. குறை சொல்லக் கூடாது, அப்படி ஒரு கதவு. தேன் நிற மரம், விளிம்பெல்லாம் கை வைத்தால் வழுக்கியது. மேலே காற்றுக்குச் சின்னச் சின்னத் துளைகள், அவற்றையும் சும்மா போடாமல் மீன் வடிவத்தில் போட்டிருந்தார். அடுப்பில் இடிக்காதபடி அகலத்தைக் குறுக்கி, வலது பக்கம் கீல் வைத்து, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி.

"தாழ்ப்பாள்?" என்றேன். பாராட்டுவதற்கு எனக்கு நேரம் பிடிக்கும்.

"கடையில இல்ல. திங்கக்கெழம வருதாம்."

சுண்டெலி கதவைத் தொட்டுப் பார்த்தாள். திறந்தாள், மூடினாள். வைத்த இடத்தில் நின்றது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சத்தமே இல்லை. என் பெண் அந்தப் பக்கம் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போனது அவள் பிறந்த பிறகு அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ யாரோ ஃபோனை வெடுக்கென்று வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"பரவால்லடா, தொழில்காரன்தான்," என்று அண்ணி தம்பியின் முதுகில் தட்ட எழுந்தார். படகு நிமிர்ந்தது.

கதவு மெதுவாக, மரியாதையாக, தானே திறந்துகொண்டது.

உள்ளே சுண்டெலி மல்லாந்து படுத்து, கால்களைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று. எங்கள் மூன்று பேரையும் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"யாரு தொறந்தது?"

"சத்தியமா நான் இல்ல," என்றேன் முந்திக்கொண்டு. என் மேல்தான் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியாதா?

எழுந்து வந்து மறுபடி மூடினாள். மறுபடி திறந்தது. அண்ணி ஒன்றும் புரியாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். மூடினாள். நின்றது. "நின்னுடுச்சே!" என்று அண்ணி எழுந்தார். திறந்தது. அண்ணி உட்கார்ந்தால் கதவு நிற்கிறது, எழுந்தால் கதவு திறக்கிறது. கடைசியில் அண்ணி பாதி எழுந்த நிலையில் நின்றுகொண்டு கதவையே பார்த்தார். கதவும் பாதி திறந்து அண்ணியைப் பார்த்தது.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மேசை மேல் கிடந்த, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து, உள்ளே ஓடும் குமிழியை, அது ஏதோ கூட இருந்தே குழிபறித்த மாதிரி முறைத்தார்.

"என்னங்க, ரசமட்டமா வெச்சீங்க? படகுலயா?"

தலையைக் குனிந்துகொண்டார். கரையில் கட்டும் வீட்டுக்கு ரசமட்டம் வைக்கலாம். அந்தத் தரை நகராது. படகுக்கு வைத்தால் அது அந்த நிமிஷம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்குத்தான் நேர் சொல்லும். படகில் எதை மாட்டினாலும் படகின் தரையிலிருந்து அளந்துதான் மாட்ட வேண்டும். பட்டறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவர் சொல்லும் முதல் பாடமே இதுதான். ரசமட்டத்தோடு படகில் ஏறினால் இவர் அதைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார்.

"அக்காதான், 'மட்டம் வெச்சுப் பாக்காம ஒரு கதவாடா'ன்னு சொல்லிட்டே இருந்தா. கால வேற தட்டிட்டே இருந்தா," என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றார் அண்ணி.

"கூடம் நெசமாவே கோணல்தான்க்கா. நீதான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தியே." பிறகு என்னைப் பார்த்தார். "நீ மட்டும் உன் எடத்துல இருந்திருந்தா படகு நேரா நின்னிருக்கும்."

"ஓஹோ! சுத்திச் சுத்தி என் தலையிலயா? வாயில திருகாணிய வெச்சுக்கிட்டு நின்னது யாரு?"

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்படின்னா என் எடைக்குன்னு அளவெடுத்துச் செஞ்ச கதவுடா இது!" என்று பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் குலுங்கக் குலுங்கப் படகும் குலுங்கியது, கதவும் ஆடியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கும் உதட்டோரம் துடித்தது.

சுண்டெலி மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன்," என்றாள். "அதுக்கும் எல்லாரும் சேர்ந்து சிரிக்கறீங்க."

சிரிப்பு அப்படியே அடங்கியது. இவர், "நாளைக்குக் கழட்டி சரியா மாட்டிடறேன் கண்ணு. இன்னிக்கு மட்டும் ஒரு கயிறு கட்டி..." என்று ஆரம்பித்தார்.

"கயிறா? நான் என்ன ஆட்டுக்குட்டியா?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, கெளம்புடா செல்லம். அப்பா சரி பண்ணட்டும், அப்புறம் பாத்துக்கலாம். எனக்கும் ஒரு பையனுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தரணும். இன்னிக்கும் செவுத்துல இடிச்சான்னா என் பேரு போயிடும்."

சுண்டெலி தன் பையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். "கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துட்டு வரேன் அத்தை. கதவ மூடிட்டு. தனியா," என்றாள். அவளுக்கு அழுகை வரப்போகிறது, எங்கள் முன்னால் அழ மாட்டாள். அந்தக் குணம் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நேரம் முன்னால்தான் அதற்காகத் துணி துவைக்கப் போயிருந்தேன்.

"இரு. நான் போய் வண்டிய வாசலுக்கு எடுத்துட்டு வரேன். ஹாரன் அடிக்கறேன்," என்றார் அண்ணி. இவர் அக்காவின் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

சுண்டெலி கதவை மூடிவிட்டிருந்தாள். அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்ததும் அது திறக்கும். உள்ளே என் பெண் அழுதுகொண்டிருப்பாள்.

நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில்தான் யாரும் யோசிப்பதில்லையே. அண்ணி எழுந்து இவரோடு படியேறிய அதே மூச்சில் போய் அண்ணியின் இடத்தில் உட்கார்ந்தேன். போதவில்லை. கதவு ஒரு விரல்கடை திறந்தது. தண்ணீர் கேனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். காலை நீட்டி, விரலால் கதவைத் தள்ளி மூடினேன். நின்றது. என்னையும் ஒரு கேன் தண்ணீரையும் சேர்த்தால்தான் ஒரு அண்ணி ஆகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உட்கார்ந்திருந்தேன். மேலே மீன் வடிவத் துளைகள் வழியாக மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. 'தைலம் தடவிக்கோ' என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன அழகு பாருங்கள், கதவே வேண்டாம் என்றவள் நான். இப்போது தாழ்ப்பாளே நான்தான். அவள் போகக் கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் போகாதே என்று சொன்னால் அதுவும் அவள் திரைக்குள் தலையை நீட்டுகிற காரியம்தான். அவள் கேட்டது கொஞ்ச நேரம், தனியாக. அதை என்னால் கொடுக்க முடியும். எழுந்திருக்காமல் இருந்தால் போதும்.

அப்போதுதான் அடுப்பு ஞாபகம் வந்தது. துணி துவைக்கப் போகும் முன்பே, ராத்திரிக்கு என்று சூப்பைச் சின்னத் தீயில் வைத்திருந்தேன். அடுப்பு வலது பக்கம். மூடி தடதடவென்று ஆடியது. பிறகு சூப் பொங்கி வழிந்து அடுப்பில் சுர்ரென்றது. ஒரு சொட்டு சிந்தினாலும் மூன்று நாள் பேசுகிறவள் நான். கேனைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கரையில் ஹாரன் அடித்தது. மேலே இவருடைய தலை தெரிந்தது.

"அக்கா கூப்பிடறா... என்னது இது? அடுப்பு பொங்கி வழியுது, நீ பாட்டுக்கு உக்காந்திருக்க? மடியில எதுக்குக் கேன்?"

"எறங்காதீங்க!" என்று அடிக்குரலில் சொன்னேன். "படகு ஆடும். கதவு தொறந்துக்கும்."

இவர் என்னைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், மூடியிருந்த கதவைப் பார்த்தார். "ம்," என்றார். அப்படியே படியின் மேலேயே, ஒரு காலை உள்ளே தொங்கவிட்டபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமானதிலிருந்து இவர் சொன்ன 'ம்'களில் அந்த ஒன்றை மட்டும் நான் மன்னிப்பேன்.

மறுபடி ஹாரன். உள்ளே பையின் ஜிப் சத்தம் கேட்டது, நீளமாக. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஜிப்பைத் திறந்தாலும் அதே சத்தம், மூடினாலும் அதே சத்தம். எதுவென்று எடுத்துக்கொள்வது? துணி உரசும் சத்தம், ஏதோ தட்டென்று விழும் சத்தம். என் இடது கால் மரத்துப்போய்விட்டது. கேன் மூடி சரியாக இல்லை போலிருக்கிறது, தண்ணீர் கசிந்து புடவை நனைந்தது.

"அம்மா."

"என்னடி?"

"நீ அத்தை எடத்துலயா உக்காந்திருக்க?"

படகில் வளர்ந்த பெண். யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவள் முதுகுக்குத் தெரியும். கதவு போட்டு அதை மறைக்க முடியுமா?

"ஆமா."

"எப்பலேருந்து?"

"அத்தை எழுந்ததுலேருந்து."

உள்ளே அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"சூப்பு தீயற வாசனை வருது."

"தீயட்டும்."

"நீ போய்ப் பாக்கலையா?"

"உனக்குப் போதும்னு சொல்லு, போறேன்."

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒரு தடவை கேட்டது. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. 'என்னடி, எனக்கும் சொல்லு' என்று நான் கேட்கவில்லை.

"அப்பா," என்றாள் சத்தமாக. இவர் அங்கே இருப்பதும் தெரிந்திருக்கிறது. "அத்தைய போகச் சொல்லு. அந்தப் பையன் பாவம், செவுத்துல இடிப்பான். லீவு விட்டதும் வரேன்னு சொல்லு. நாலு நாளைக்கு."

இவர் எழுந்து மேலே ஓடினார். படகு ஆடியது. நான் கேனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தக் கதவ நாளைக்கே சரி பண்ணிடணும். சொல்லிட்டேன்."

"பண்ணிடுவாரு."

"அதுக்கப்புறம் தட்டிட்டுத்தான் வரணும்."

"தட்டறேன்டி அம்மா, தட்டறேன்."

"சரி, எழுந்துக்கோ. பசிக்குது."

கேனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கதவு தானாகத் திறந்தது. படுக்கையில் பை காலியாகக் கிடந்தது.